புழு இல்லாத கத்திரிக்காய்

என் கத்திரிக்காயில் புழு இல்லை; அதனால் உழவர் சந்தையில் என் கடை போயிற்று.

காய் விளைவிப்பது கஷ்டம் என்பார்கள். அதெல்லாம் சும்மா. விளைந்ததை மனிதர்களிடம் விற்கிறோமே, அதுதான் கஷ்டம். திண்டுக்கல் உழவர் சந்தை ஆபீசில் விடியற்காலை அன்றைக்கான தராசு வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். எந்த ஊர்ச் சந்தையில் சாக்கு விரித்தவருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். உழவர் சந்தையில் விவசாயி மட்டும்தான் விற்கலாம். வியாபாரி நுழையக் கூடாது. விவசாயி என்பதற்கு ஒரு கார்டு உண்டு. கார்டு இருந்தால் கடை. இல்லாவிட்டால் வாசலுக்கு வெளியே.

ஒடித்துப் பார்த்தல்

வெண்டைக்காய் வாங்க வருகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முற்றல். இது நியாயம்தான். ஆனால் ஒன்றிரண்டை ஒடித்தால் போதாதா?

ஒரு அம்மாள் உட்கார்ந்து கூடை பூராவும் ஒடித்தார். எல்லாம் பட்பட்டென்று ஒடிந்தது. முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார். வாங்கவில்லை. "ஒடிச்சதை யாரும்மா எடுப்பா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு உதவி செய்த முகத்தோடு சொன்னார்: "எல்லாம் பிஞ்சுன்னு நான் பாத்துக் குடுத்துட்டேன்ல, இனிமே வாரவுக நம்பி வாங்குவாக. ஒங்களுக்கு நல்லதுதானய்யா செஞ்சிருக்கேன்!"

முன்கூட்டிக் கொசுறு

காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. அது சந்தையின் எழுதாத சட்டம். ஒருவர் பைக்கை உறுமவிட்டபடியே என் கடை முன்னால் நின்று கையை நீட்டினார். கறிவேப்பிலை வேண்டுமாம். என்ன காய் போட என்று கேட்டேன்.

"காய் நாளைக்கு வாங்கிக்கிறேன். கொசுறை மட்டும் இன்னைக்குக் குடுத்துருங்க."

வேன் வந்தது

சிறுமலை அடிவாரத்தில் இயற்கை வைத்திய விடுதி ஒன்று இருக்கிறது. மண் பூசுவார்கள், வாழையிலையில் சுற்றி வெயிலில் போடுவார்கள், பட்டினி போடுவார்கள், அதற்குக் கட்டணமும் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருப்பவர்களை ஒரு வேனில் ஏற்றி, சந்தையைச் சுற்றிக்காட்டக் கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் தொளதொள வெள்ளை உடுப்பு. கூட வரும் பெண் முதலிலேயே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார்: பார்க்கலாம், தொடலாம், தின்னக் கூடாது.

பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். தராசைப் படம் எடுப்பார்கள். என்னையும் எடுப்பார்கள், கேட்காமலே. ஒருநாள் கனத்த உடம்புக்காரர் ஒருவர் பக்கத்துக் கடையில் ஆயக்குடிக் கொய்யா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் போல. "வாங்குங்களேன், எம்புட்டு நேரம் அதையே வச்சிருப்பீக?" என்றேன். கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "ஏனுங்க, நாலு நாளா வெறும் எலுமிச்சைத் தண்ணிதானுங்க. வாங்குனா தின்னுபோடுவேன். கொஞ்ச நேரம் மோந்துக்கறனுங்க."

புழு எங்கே?

அதே வேனில் வந்தவர்தான் என் கடைக்கு உலை வைத்தார். மெட்ராஸ்காரர். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராம், அவரே சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், புழு எங்கே?

நான் ஆடிப்போனேன். ஒரு காயில் புழு இருந்தாலும் கூடையை என் மூஞ்சியில் கவிழ்க்கிற ஜனங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். புழு விழுந்ததைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டுவிடுவேன், நல்லதைத்தான் கொண்டுவருவேன் என்றேன். "அந்த மாட்டுக்குப் போடறதை எனக்குக் கொண்டாங்க, அதான் மருந்தடிக்காத ஒரிஜினல்" என்றார். மாட்டைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. செல்போனை எடுத்து என்னை ஒரு படம் பிடித்தார். "நீங்க விவசாயியே இல்ல. நிஜ விவசாயி இவ்ளோ திமிராப் பேசமாட்டான்."

போட்டோவில் தெரியவில்லை

அடுத்த வாரம் சந்தை ஆபீசர் கூப்பிட்டார். என்மேல் புகார். ஒட்டன்சத்திரத்தில் மொத்தமாகக் காய் வாங்கிவந்து விவசாயி என்று ஏமாற்றி விற்கிறேனாம். ஆதாரம், அந்தப் படம். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் வாட்ச், மழித்த முகம். எதிரே பளபளவென்று புழு இல்லாத கத்திரிக்காய்.

விசாரணை முடியும்வரை கடை கிடையாது என்று கார்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய காய். விசாரணைக்காகச் செடியில் காத்திருக்குமா? முற்றினால் மாடுகூட மோந்து பார்க்காது. இந்த வெள்ளாமையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைச் சொன்னேன். இவ்வளவு வருஷமாகப் பார்க்கிறீர்களே, உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். நல்ல மனுஷன்தான். வருத்தப்பட்டுச் சொன்னார்: "அய்யா, நீங்க விவசாயின்னு எனக்குத் தெரியும். ஆனா போட்டோவுல அப்பிடித் தெரியலையே!"

மண்ணுக்குத்தான் ரேட்டு

வேறு வழியில்லாமல் காயைக் கமிஷன் கடையில் போட்டேன். அங்கே விலை அவர்கள் சொல்வதுதான். வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வரவேண்டும். கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கார்டைக் கேட்கலாம் என்று சந்தைப் பக்கம் போனேன். வாசலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு வியாபாரி. எனக்குத் தெரிந்த பையன்தான், வேடசந்தூர்க்காரன். மற்ற நாளில் பேன்ட் போடுகிறவன். அன்றைக்கு அழுக்கு வேட்டி, தலையில் துண்டு. சாக்கில், நான் கமிஷன் கடையில் போட்ட என் கத்திரிக்காய். நான் பறித்த காய் எனக்குத் தெரியாதா? மேலே செம்மண்ணைத் தூவியிருந்தான். வேன் கூட்டம் அவனைச் சுற்றி நின்றது. அந்த மெட்ராஸ்காரர் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு, அவன் தோளில் கை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் அவன் கையைப் பிடித்தேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "அண்ணே, நீங்க தொடச்சுத் தொடச்சுக் கொண்டாறீக. ஒருத்தனும் நம்பல. நான் தடவி விக்கிறேன். காய்க்கு எவன்ணே காசு குடுக்குறான், மண்ணுக்குத்தான் ரேட்டு!"

நாலு எல்லை

ஒருவழியாகத் தோட்டக்கலை ஆபீசிலிருந்து விசாரிக்க ஆள் வந்தது. ஸ்கூட்டரில் ஒரு சின்னப் பெண். கெட்டிக்காரி. செடியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். சிக்கல் பட்டாவில் வந்தது. நிலம் இன்னும் செத்துப்போன எங்கள் அய்யா பேரில் இருக்கிறது. அண்ணன் திருப்பூரில், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. செடி இருக்கிறது சரி, அதைப் பயிர் பண்ணுவது நீங்கள்தான் என்று பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் சொல்ல வேண்டும் என்றார்.

கிழக்கே ஓடை. மேற்கே ரோடு. வடக்கே நூல் மில் காம்பவுண்டு. தெற்கே பாக்கியமேரி. அந்தம்மாளும் சந்தையில் கீரை விற்கிறவர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. கடைசியாக எப்போது பேசிக்கொண்டோம் என்பது மறந்துவிட்டது. என்ன பேசிக்கொண்டோம் என்பது மறக்கவில்லை, அதை இங்கே எழுத முடியாது.

நாளைக்கு வருகிறேன், கேட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். நான் கேட்கப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி சோற்றைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள். "கத்திரிக்கா அழுகுனாப் பரவாயில்ல, ஒங்க கெவுரதை அழுகிறக் கூடாது. அப்பிடித்தான?"

சாட்சி

மறுநாள் அந்தப் பெண் நேராகத் தெற்கு வரப்புக்கே போய்விட்டார். பாக்கியமேரி குனிந்து கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அம்மா, இவர் விவசாயி இல்ல, வியாபாரின்னு புகார் வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டதுதான் தாமதம்.

"யாரு, இந்த ஆளா? மாதாவே! இவரு வெவசாயம் பண்ணாம இருந்தா நான் ஏன் தாயி இந்தப் பாடு படுறேன்? வெள்ளனத்துல மோட்டாரப் போட்டுட்டுப் போயிருவாரு. தண்ணி வரப்ப ஒடச்சுக்கிட்டு என் கீரைக்குள்ள வந்து நிக்கும். போன வருசம் தக்காளி, அதுக்கு மொத வருசம் வெங்காயம், இப்பக் கத்திரி. எதப் போட்டாலும் என் வரப்பத்தான் ஒடைக்கும். நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இதே ரோதனை. இந்தா பாரு, வந்து பாரு!" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உடைந்த இடத்தையெல்லாம் காட்டினார். நான் போட்ட வெள்ளாமை எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொன்னார். எனக்கே பாதி மறந்துபோயிருந்தது.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். போதும்மா, போதும்மா என்று கெஞ்சிக் கையெழுத்து வாங்கினார். ஸ்கூட்டர் போனதும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் நின்றோம். நன்றி சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். பாக்கியமேரி விடவில்லை. "ஒமக்காகச் சொல்லல. கார்டு கையில வந்ததும் மொத வேலையா மம்பட்டிய எடுத்துட்டு வந்து என் வரப்பக் கட்டிக் குடும். இல்ல, அடுத்த புகாரு நான் குடுப்பேன்!"

வரப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன், கடையும் திரும்பி வந்துவிட்டது. பட்டாவும் ஆபீசும் போட்டோவும் சேர்ந்து திணறிய இடத்தில் நான் விவசாயிதான் என்று ஊரறிய நிலைநாட்டியவர், என்னைக் கண்டாலே ஆகாத பாக்கியமேரி.