கிருத்திகை விரதமும் கருவாட்டுக் குழம்பும்

அத்தை சிதம்பரத்தில் எம்.ஏ. வரலாறு படித்த காலத்தில், கடலூரில் எங்கள் வீட்டில் தினமும் ஒரு போர் நடந்தது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறுவாள். சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு டீத் தம்ளரோடு உட்கார்ந்தால், அன்றைக்கு வகுப்பில் யார் யாரை அடித்தார்கள் என்பது எனக்கும் தம்பிக்கும் வந்து சேர்ந்துவிடும். தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்காக வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் கட்டிப் புரண்டது, நடுவில் உள்ளூர் ராஜாக்கள் நேரத்துக்கு ஒரு கட்சி மாறியது, தெற்கே பாளையக்காரர்கள் கலகம் செய்தது எல்லாம் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே எங்களுக்கு அத்துப்படி.

"கலகம் பண்றவன் தனியா நின்னு ஜெயிச்சதே இல்லடி. கூட்டு சேர ஆளு வேணும். வர்றேன்னு சொன்னவன் வராம போனான்னு வெச்சிக்க, கத கந்தல்" என்பாள் அத்தை. தம்பி உடனே, வராமல் போனவனைத் தூக்கில் போட்டார்களா என்று கேட்பான். அவனுக்கு எல்லாக் கதையிலும் அதுதான் கவலை.

அந்தக் கார்த்திகையில் அத்தைக்கே கலகம் செய்யவேண்டி வந்தது. அண்ணாகிராமத்திலிருந்து ஒரு வரன். முந்திரித் தோப்பு, சொந்த வீடு, கெட்ட பழக்கம் இல்லாத பையன். ஆனால் தை மாதமே கல்யாணம் வேண்டும், அதற்கப்புறம் படிப்பெல்லாம் எதற்கு என்றார்கள். அத்தைக்குச் சித்திரையில் கடைசிப் பரீட்சை. அதை எழுதிவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் கழுத்தை நீட்டுகிறேன் என்றாள். "நல்ல எடம் நமக்காவ காத்துக்கினு இருக்குமா?" என்றார் அப்பா. குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை அவருக்கு. அவர் பொல்லாதவர் இல்லை. அப்பன் ஆத்தா இல்லாத தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் கடத்துகிறான் என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

அத்தை அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பிடவும் மறுத்தாள். அவள் சாப்பிடவில்லை என்று அப்பாவும் சாப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் அம்மாவுக்குத்தான் கால் வலித்தது.

நானும் தம்பியும் அத்தையின் கட்சி. அம்மா எதிரிப் படை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பேச்சு முடிக்க வருகிறார்கள் என்றதும் அத்தைக்குப் புடவை எடுத்து இஸ்திரி போட்டவள் அவள்தான். சமையலுக்கு ஆள் சொல்லட்டுமா என்று அப்பா கேட்டதற்கு, "எதுக்குங்க, நானே பாத்துக்குறேன்" என்றவளும் அவள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பழம் எடுத்துக்கொள்வார்கள். சோறு மட்டும் தொடமாட்டார்கள். பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் சம்மதம் என்ற பிறகுதான் கை நனைப்பார்கள். பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டால் பிறகு பின்வாங்குவது என்பது கிடையாது. சோறு நடக்காவிட்டால் கல்யாணமும் நடக்காது என்று நானும் தம்பியும் சட்டம் படித்தோம். அப்பா வாங்கி வைத்திருந்த வாழையிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். எங்கள் படைபலம் அவ்வளவுதான்.

அவர்கள் வந்தார்கள். அப்பா பண்ருட்டி வரைக்கும் எதிர்கொண்டு போய் அழைத்து வந்திருந்தார். கூடத்தில் ஆண்கள் மழையைப் பற்றியும் முந்திரி விளைச்சலைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, சமையலறையிலிருந்து குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் அப்பாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நேரமாகியும் இலை எங்கே என்று அம்மா கேட்கவே இல்லையே என்று நான் குழம்பினேன்.

இலைக்கட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்துப் பக்கம் போனேன். சமையலறையின் பின்கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நின்றிருந்தார். ஒத்தாசை செய்கிற சாக்கில் பெண் வீட்டுச் சமையலறையைப் பார்த்துவிட்டுப் போவதும் வழக்கம்தான்.

"என்னம்மா, இன்னும் ஒல கூட வெக்கலியா?" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அரிசி இல்லை, நறுக்கிய காய் ஒன்று இல்லை. மூடி திறந்திருந்த குக்கரில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"வெக்கலைங்க. பொண்ணு பரிட்ச எழுதணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. அவுங்க அண்ணன்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். இந்த ஊட்ல எம் பேச்சு எடுபடல."

அந்த அம்மா குக்கரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, "எங்க ஊட்ல மட்டும் எடுபடுதாக்கும்" என்றார். அதோடு நிற்காமல், புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "பழசு இருந்தா போடும்மா. விடியகாலம் கெளம்புனது."

அம்மா பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, முந்தின நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அந்த அம்மா வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவியும் வைத்தார்.

கை நனைத்தாயிற்று. அத்தையின் கதை முடிந்தது. ஓடிப்போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் அப்போதே அழத் தொடங்கிவிட்டான்.

கூடத்தில் அப்பா எழுந்து, "சாப்புடலாம் வாங்க" என்று கும்பிட்டார். அந்த அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "இன்னிக்கி கிருத்திகைங்க. எனக்கு விரதம். உள்ள காலண்டர பாத்தப்புறந்தான் நெனப்பு வந்துச்சி. நான் கை நனைக்காம மத்தவங்க மட்டும் நனைச்சா நல்லா இருக்காது. இன்னொரு நாளு பாக்கலாம்" என்றார். அவர் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா சமையலறைக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தார். "என்ன இது?" என்றார். "பரிட்ச முடியட்டுங்க" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தை வந்து அம்மாவின் மடியில் தலையைப் போட்டு, "அண்ணி, அண்ணி" என்று விசும்பினாள். "அந்தம்மா பொய் சொன்னாங்க. கருவாடு துன்னாங்க, நான் பாத்தேன்" என்று நான் சொன்னபோது இரண்டு பேரும் அழுகையோடு சிரித்தார்கள். அப்படிப்பட்ட புளுகு மாமியார் தப்பியது நல்லது என்று எனக்குத் தோன்றியது. இலையை ஒளித்ததால்தான் ஜெயித்தோம் என்று தம்பி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா மட்டும் கூடத்துக்கு வந்து, உலை வைக்காத வீடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவின் மானம் அண்ணாகிராமம் வரைக்கும் போயிருக்கும். எங்கள் வீட்டுக் கலகத்துக்கு எதிர் முகாமிலிருந்து வந்து சேர்ந்த கூட்டாளி அவர். அவர் வந்து சேருவார் என்று தெரிந்து அம்மா எதையும் செய்யவில்லை. யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று துணிந்துதான் அடுப்பில் வெறும் தண்ணீரை வைத்திருக்கிறாள்.

அத்தை பரீட்சை எழுதினாள். அந்தப் பையனுக்குத் தையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அப்பா கொஞ்ச நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு பேசினார்.

அடுத்த கோடையில் பண்ருட்டி பஸ் கண்டக்டர் ஒருவர், எங்கள் வீட்டில் கொடுக்கச் சொன்னதாக ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்த கோடையிலும் ஒன்று வந்தது. அப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து பழத்தைப் பிளப்பார். பெரிய சுளையாகப் பார்த்து முதலில் அத்தைக்கு, அப்புறம் அம்மாவுக்கு. பழம் யார் அனுப்பியது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கும் தோன்றவில்லை. நான் கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொரு சுளைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.