முகம் சுவர்ப்பக்கம்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டு கோபக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் மூன்று வருடம் எப்படிக் காலம் தள்ளினோம் என்பது யாருக்கும் விளங்காது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியின் டோர்ட்மண்டில், மூடிக்கிடந்த தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில் ஒரு ஸ்கொட்லாந்து ஓவியர் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் படம் வரைகிற கூடத்தைத் துப்புரவாக்குவது என் வேலை. அவருடைய ஜெர்மன் ஒரு நொண்டி, என்னுடையது இன்னொரு நொண்டி. அவர் பேசியதெல்லாம் என் மண்டைக்குள் எங்கள் தமிழாகத்தான் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்தவர். ஒரு ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, அவள் விட்டுப்போன பிறகும் தங்கிவிட்டார். நிலக்காட்சி தவிர வேறொன்றும் வரையமாட்டார். அதிலும் ஆறு, கோட்டை என்று மற்றவர்கள் தேடிப்போகிற அழகெல்லாம் அவருக்கு ஆகாது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன கரிமேடுகள்தான் வேண்டும். காற்று சீறுகிற நாளாகப் பார்த்து ஏறுவார். ஓவியத் தாங்கியைக் கயிற்றால் இடுப்போடு கட்டிக்கொண்டு நிற்பார். காற்று அவரையும் படத்தையும் சேர்த்து உருட்டிவிட்ட நாட்களில் முழங்கை உரிந்து, ரத்தம் ஒழுக வந்து சேருவார். படத்திலும் கொஞ்சம் ரத்தம் இருக்கும். துடைக்கமாட்டார்.

பிடிக்காத படத்தை அவர் கொன்றுவிடுவார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இது தேறாது என்று முடிவானால் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்துவார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில், திருப்பிவைத்த எல்லாவற்றையும் பின்பக்கத்தால் கத்தியை இறக்கிக் கிழிப்பார். முகத்தைப் பார்த்துக்கொண்டு குத்தினால் கை பின்வாங்குமாம். அதற்குப் பிறகு என் முறை. குப்பையில் எடுத்து எவரும் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். அவர் தந்த கத்தரிக்கோல் காய்ந்த வர்ணத்தில் வழுக்கியது. நான் வீட்டிலிருந்து என் அரிவாள்மணையைக் கொண்டுபோய், நிலத்தில் குந்தி, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு கருவாடு வெட்டுகிற மாதிரி வெட்டினேன். அவர் வாயைப் பிளந்து பார்த்தார். அதன்பிறகு அரிவாள்மணைக்குக் கூடத்தில் ஒரு நிரந்தர மூலை கிடைத்தது.

அந்த வருடம் அவருடைய சொந்த நாட்டு அருங்காட்சியகம் ஒன்று கண்காட்சிக்கு அவருடைய படங்களைக் கேட்டிருந்தது. முப்பது வருடத்தில் முதல் அழைப்பு. நடுவில் தொங்கப்போவது அவர் நாலு வருடமாகக் கத்தியால் அப்பிச் சுரண்டி, மறுபடி அப்பிய ஒரு படம். கரிமேட்டுக்கு மேலே வானம் பற்றி எரியும். கீழே ஓர் உயிர் கிடையாது. வந்தவர்களெல்லாம் அதன் முன்னாலிருந்து நகரமாட்டார்கள். எனக்கோ அதன் பக்கம் திரும்பவே பிடிக்காது. ஊரில், சண்டைக்காலத்தில், எங்கள் தெருவில் ஷெல் விழுந்து, அடுத்த வீட்டு ஆட்களைத் தகரத்தில் அள்ளிய மாலையில் வானம் அச்சொட்டாக அந்த நிறம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மேட்டில் இருந்தார். நான் தனியே நிலம் துடைத்தேன். அந்தச் சிவப்பு முதுகில் சூடுபோட்டது. பொறுக்கமுடியாமல் அதைத் தூக்கி மற்றவற்றோடு சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தினேன், போகும்போது சரியாக வைக்கலாம் என்று. இடையில் மகளின் பள்ளியிலிருந்து தொலைபேசி: பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வரவும். வாளியை விட்டதுவிட்டபடி ஓடினேன்.

அவர் அந்தக் கிழமை முழுக்க மேட்டிலேயே கிடந்தார். அடுத்த வெள்ளி நான் போனபோது கிழித்து முடிந்திருந்தது. ஒரே அளவுப் படங்கள், ஒரே பின்பக்கங்கள். முதல் இரண்டையும் வெட்டினேன். மூன்றாவதைப் புரட்டினேன். அந்தச் சிவப்பு வானம் குறுக்காக நாலு தரம் கிழிந்து தொங்கியது.

அவரும் பார்த்தார். கோப்பை கையிலிருந்து விழுந்தது.

"இதை நானா திருப்பி வைச்சனான்?"

அவருடைய தகப்பனைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, தன் வீட்டுக் கதவையே யாரோ ஒருவருடைய கதவு என்று கோடாலியால் கொத்திய மனுசன். அந்த நோய் தனக்கும் வரும் என்பதுதான் இவருக்கு இருந்த ஒரே பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

"ஓம். நீங்கள்தான்."

எனக்கு அடுத்த மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசா நீட்டிப்புக்கு நாள் குறித்து டெர்மின் தந்திருந்தார்கள். அதற்கு அவர் எழுதித் தருகிற வேலைச் சான்று வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் தாங்கியை உதைத்து முறித்தார். ஜன்னல் கண்ணாடிக்குள் முஷ்டியை விட்டார். நான் துவாயால் கையைக் கட்டியபோது, தன் நெற்றியை மற்றக் கையால் அடித்து, "இதுக்குள்ள ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "சும்மா இரும்," என்றார். "வாயைத் திறந்தீரெண்டால் வேலையும் போகும், விசாவும் போகும். படம்தானே, திரும்ப வரைவார்." நான் சட்டியை நிலத்தில் அடித்தேன். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளி கூடத்துக் கதவைத் திறந்தால், ஒரு படத்துக்கும் முகமில்லை. பதினொன்றும் சுவரைப் பார்த்தபடி நின்றன. அவர் கையில் கத்தி. மூன்று ஏற்கனவே கிழிந்து தொங்கின.

"எது நல்லது, எது கூடாதது எண்டு எனக்கு இனித் தெரியாது," என்றார். "அந்தப் படத்தைத் திருப்பினவன் மற்றதையும் பிழையாத்தான் பாத்திருப்பான். எல்லாம் போகட்டும்."

நாலாவதில் கத்தியை வைத்தார்.

"நிப்பாட்டுங்கோ! அதை நான்தான் திருப்பி வைச்சனான்!"

அவர் திரும்பினார். கத்தி நீட்டினபடியே என் பக்கம் வந்தார். எனக்கு அரிவாள்மணைதான் கைக்கு எட்டியது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். இன்னும் ஓரடி வைத்திருந்தால் வெட்டியிருப்பேன். அவரும் குத்தியிருப்பார். இதில் பொய்யில்லை.

"ஏன்?" என்றார்.

"எங்கட தெரு எரிஞ்ச நாள் வானம் இப்பிடித்தான் இருந்தது. அதுக்குக் கீழ நிண்டு என்னால வேலை செய்ய ஏலாது."

கத்தி விழுந்தது. அவர் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, "அப்ப எனக்கு ஒண்டுமில்லை, எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சந்தோசத்தில் அழுகிற அவரைப் பார்க்க எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

பிறகு முகத்தைத் துடைத்தார். "சொல்லியிருந்தா ஒரு துணியால மூடியிருப்பன். திருப்பினது பரவாயில்லை. போன கிழமை ஓம் எண்டு சொன்னீர் பாரும், அதுக்கு மன்னிப்பில்லை. இண்டையோட நிப்பாட்டுவம்."

நான் தலையாட்டினேன். சான்றிதழைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவராகவே எழுதித் தந்தார், மறுபேச்சில்லாமல். எட்டுப் படங்களையும் என்னைக்கொண்டே முன்பக்கம் திருப்பவைத்தார். அவைதான் கப்பலேறின. நடுவில் எதைத் தொங்கவிட்டார்கள் என்று நான் கேட்டறியவில்லை.

"மற்ற மூண்டையும் வெட்டிப்போட்டுப் போம்," என்றார். "இந்தமுறை முகம் மேலால இருக்கட்டும்."

அரிவாள்மணையை மிதித்துக்கொண்டு இருந்தேன். எதிரே நாற்காலியைப் போட்டு அவரும் இருந்தார். இரண்டை வெட்டினேன். மூன்றாவது, பனி விலகுகிற காலைநேரக் கரிமேடு. எனக்குப் பிடித்த படம். ஒருநாள் அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். என் பொய் இல்லாவிட்டால் அது அன்றைக்கும் சுவரில் தொங்கியிருக்கும்.

"அது நல்லதோ?" என்று கேட்டார்.

"நல்ல படம்," என்றேன்.

"ஓம், நல்லதுதான்," என்றார்.

உள்ளங்கை அளவாக வெட்டினேன்.