வெடி பட்ட இடம்

ஹென்னிங் தன்னுடைய புது வேட்டைத் துவக்கைக் காட்டுவதற்கு முன்னால் என்னைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். டென்மார்க்கில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்றத்தான் வேண்டும், அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது என்னவென்றால், சாப்பாட்டு மேசையில், பூப்போட்ட விரிப்பின் மேல், கோப்பிக்கும் கேக்குக்கும் பக்கத்தில் ஒரு துவக்குக் கிடந்ததுதான். அவனுடைய மனைவி வந்து துவக்கின் குழாயைச் சற்றே தள்ளிவைத்துவிட்டுக் கேக்கை வெட்டினாள். நான் மன்னார்க்காரன். துவக்கு இருக்கிற இடத்தைவிட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்தே வளர்ந்தவன். என் தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் மறுமுனையில் போய் இருந்துகொண்டேன்.

ஹென்னிங்கும் நானும் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக ஒரே வரிசையில் வேலை செய்கிறோம். விபோர்க் பக்கத்தில் துவக்குச் செய்கிற ஒருவரிடம் அளவு கொடுத்து, ஒன்றரை வருடம் காத்திருந்து அவன் இதைச் செய்வித்தான். தடித்த குழாய். சத்தத்தை அடக்க முன்னால் ஒரு உருளை. பிடியின் மரம் அவன் கன்னத்துக்கென்றே செதுக்கியது. நான் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இதெல்லாம் அமெரிக்க வீடியோ பார்த்து வந்த வினை. அங்கே கிரவுண்ட்ஹொக் என்று வயலில் வளை தோண்டுகிற பிராணி ஒன்று, கொழுத்த அணில் மாதிரி, பூனையைவிடப் பெரியது. அதை வெகுதூரத்தில் படுத்திருந்து ஒரே வெடியில் விழுத்துகிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைக் கடித்தபடி ஹென்னிங் அதைத்தான் பார்ப்பான். டென்மார்க்கில் கிரவுண்ட்ஹொக் கிடையாது. இருக்கிறது மோர்ஹுன், நாய்க்கும் மரநாய்க்கும் இடையில் ஏதோ ஒன்று.

“அது இந்த நாட்டுக்குரியது இல்லை. கிழக்கிலையிருந்து வந்தது. வந்து பெருகி, எங்கடை பறவையளின்ரை முட்டை எல்லாத்தையும் திண்டுபோடும். ஒண்டும் மிஞ்சவிடக் கூடாது,” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். கழுத்துவரை சிவந்துவிட்டது. “உன்னைச் சொல்லேல்லை.”

“நான் முட்டை சாப்பிடுறேல்லை,” என்றேன் பகிடியாக. அவனுடைய மனைவி பதறிப்போய், கேக்கில் மூன்று முட்டை போட்டதாகச் சொல்லி, என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டில் இன்றுவரை எனக்கு முட்டை இல்லாத கேக்தான். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற நீங்களும் இப்படி ஏதாவது ஒரு பகிடியைச் சொல்லிவிட்டு ஆயுள் முழுக்க அனுபவித்துக்கொண்டிருப்பீர்கள்.

என்னை அவன் கூப்பிட்டது காற்றுப் பார்க்க. நான் சின்ன வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனவன். தொழிற்சாலை முற்றத்தில் எந்தப் பக்கத்துக் காற்று எப்போது தூக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதை அவன் கவனித்திருக்கிறான். தூரத்துச் சூட்டில் சன்னத்தைக் காற்றுத் தள்ளிவிடுமாம். ஆகவே ஒருவன் சுடவேண்டும், மற்றவன் பக்கத்தில் படுத்து, தொலைநோக்கியால் புல்லின் சாய்வைப் பார்த்துச் சொல்லவேண்டும். “வெடிக்குப் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு இரு, ‘கூலெஸ்லே’ கேட்கும்,” என்றான். சன்னம் உடம்பில் படுகிற சத்தத்துக்கு இவர்கள் மொழியில் அப்படி ஒரு சொல். ஈரச்சாக்கில் தடியால் அடித்தமாதிரி இருக்கும் என்று விளக்கவும் செய்தான். விளக்கத் தேவையிருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சத்தம் என்னோடுதான் இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் சனம் இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா கைக்குழந்தையோடு முதல் நாளே அங்கால், சண்டை இல்லாத பக்கத்துக்கு, போய்விட்டாள். அக்காவின் புருசன், யேசுதாசன் அத்தான், என்னைக் கூட்டிக்கொண்டு மறுநாள் பின்னேரம் வெளிக்கிட்டார். இடையில் ஒளிய இடமில்லாத ஒரு வெட்டை. அதன் நடுவில் ஒற்றைப் பாலை மரம். எட்டத்தில் ஒரு காவலரண், அதில் யாருமில்லை என்றுதான் சொன்னார்கள். மரத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். முதலில் அந்தச் சத்தம், பிறகுதான் வெடிச்சத்தம். அத்தான் முதுகு வளைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். “தம்பி,” என்றார், ஒரே ஒரு தரம். நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் ஓடிவிட்டேன்.

அங்கால் போனதும் அக்கா, “அத்தான் எங்கை?” என்று கேட்டாள். “நான் பாக்கேல்லை அக்கா. வேறை பக்கமா ஓடினவர். அங்காலை எங்கையும் போயிருப்பார்,” என்றேன். பார்த்தேன் என்றால், அடுத்த கேள்வி ஏன் விட்டிட்டு வந்தாய் என்பதுதானே. அந்த ‘அங்காலை’யை வைத்துக்கொண்டு அக்கா இத்தனை வருடம் இருந்துவிட்டாள். நவம்பரில் மரித்தோர் திருநாளுக்குக் கோயிலில் கொடுக்கிற பெயர்ப் பட்டியலில் அப்பா இருப்பார், அம்மா இருப்பார். அத்தான் இருக்கமாட்டார். அவருக்கு அக்கா உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில் பெயர் கொடுப்பாள். நான் இங்கே வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, மனிசனாகத் திரிகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், அறுவடை முடிந்த வயலோரம் படுத்திருந்தோம். எதிரே முந்நூறு மீற்றரில் நாணல் பற்றை. அதிலிருந்து மோர்ஹுன் வெளியே வந்து மண்ணை மணந்தது. தொலைநோக்கிக்குள் அதன் மீசைகூடத் தெரிந்தது. அது எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் அன்றைக்கு அந்தக் காவலரண்காரனுக்கு இப்படித்தான் தெரிந்திருப்போம், என்னுடைய மீசையும் தெரிந்திருக்கும். “காற்று?” என்றான் ஹென்னிங். “மேற்கு. குறைஞ்சிட்டுது,” என்றேன். குறையவில்லை, நாணலின் தலை சாயத் தொடங்கியிருந்தது. நான் மோர்ஹுனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. அவன் சுட்டான். அடக்கிய வெடி, இருமல் மாதிரி. பிறகு அந்தச் சத்தம். மோர்ஹுன் முதுகை வளைத்தது, திரும்பித் தன் வயிற்றைக் கடிக்கப் பார்த்தது, பிறகு மெல்ல நடந்து நாணலுக்குள் போனது.

“பட்டதோ?” என்றான்.

“நான் பாக்கேல்லை,” என்றேன்.

டெனிஷில்தான் சொன்னேன். ஆனால் சொன்னது அந்தப் பத்தொன்பது வயதுக்காரன்தான். ஹென்னிங் எழும்பினான். துவக்கைத் துடைத்து உறையில் போட்டான். இருவரும் காருக்கு நடந்தோம். அவன் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, “பரவாயில்லை, தப்பிட்டுது. அங்காலை தன்ரை வளைக்குப் போயிருக்கும்,” என்றான். அந்த ‘அங்காலை’யை இன்னொருவர் வாயில், வேறு மொழியில், கேட்டபோதுதான் அது எப்படிப்பட்ட சொல் என்று விளங்கியது.

“ஹென்னிங், நான் பாத்தனான். பட்டது. வயித்திலை,” என்றேன்.

கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் தொலைபேசியை எடுத்து யாருக்கோ அடித்தான். நீங்கள் நம்பமாட்டீர்கள், காயப்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே இந்த நாட்டில் பழக்கிய நாயோடு ஆட்கள் இருக்கிறார்கள். அழிக்கவேண்டும் என்று சொல்லித்தான் சுடுகிறார்கள், ஆனால் காயப்பட்டதைத் தேடாமல் விட்டுவிட்டுப் போகக்கூடாது. கிர்ஸ்டன் என்ற அந்தப் பெண் என்னோடு கதைக்கவேண்டும் என்றாள். எவ்விடத்தில் நின்றது, பட்டதும் என்ன செய்தது, எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவர் என்னை அப்படிக் கேட்டார், நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வயிறுதான். இப்ப போனா எழும்பி ஓடும். நாலு மணித்தியாலம் விடுங்கோ, நான் வாறன்,” என்றாள்.

“அதுவரைக்கும் உயிரோடை இருக்குமோ?”

“அனேகமா இருக்கும். வயித்திலை பட்டால் கெதியிலை உயிர் போகாது.”

அந்த நாலு மணித்தியாலமும் நான் காருக்குள் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். அத்தான் விழுந்த அன்றைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வெடி என்றால், ஆறு மணிக்கு நான் அக்காவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்குச் சோறு சாப்பிட்டேன். எட்டு மணிக்குப் படுத்திருப்பேன். நான் திரும்பிப் போயிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமோ, நானும் அங்கேயே கிடந்திருப்பேனோ, தெரியாது. நித்திரை கொண்டேன் என்பது மட்டும் தெரியும்.

கிர்ஸ்டனுக்கு அறுபது வயது இருக்கும். வெடி பட்ட இடத்தில் மூன்று மயிரும் ஒரு துளி இரத்தமும் கண்டுபிடித்து, அதில் ஒரு குச்சியை நட்டுச் சிவப்பு நாடா கட்டினாள். பிறகு நாயை விட்டாள். நாணலுக்குள் நூறு அடிகூட இல்லை. அது சுருண்டு செத்துக் கிடந்தது. சுற்றியிருந்த புல் நசிந்திருந்தது, பலதரம் புரண்டு படுத்திருக்கிறது. ஹென்னிங் தொப்பியைக் கழற்றினான். “நீ பாத்தபடியாலைதான் கண்டுபிடிச்சம்,” என்று கிர்ஸ்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். திரும்பி வரும் வழியில் ஹென்னிங் மெதுவாக, “எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. புதுத் துவக்கு எண்டு பேசாமல் இருந்திட்டன்,” என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஊரிலிருந்து அக்கா போன் எடுத்தாள். “தம்பி, சாப்பிட்டியே?” என்றாள். கோயிலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். அப்பா, அம்மா, பெரியப்பா என்று வாசித்துக்கொண்டு போனாள்.

“அக்கா, அத்தான்ரை பேரையும் எழுதுங்கோ,” என்றேன். “நான் பாத்தனான்.”

அழுவாள், ஏசுவாள், போனை வைப்பாள் என்று எல்லாவற்றுக்கும் நான் ஆயத்தமாக இருந்தேன்.

“எவடத்திலை?” என்றாள்.

“அந்த வெட்டையிலை. பாலை மரம் தாண்டி, கடல் பக்கமா ஒரு முப்பது அடி.”

“உன்னைக் கூப்பிட்டவரோ?”

“ஓம்.”

“கனநேரம் உயிரோடை கிடந்தவரோ?”

“இல்லை அக்கா. உடனை.”

“அப்ப சரி,” என்றாள். “எழுதிப்போட்டன்.” போன் நின்றது.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது, அக்கா எடுக்கவில்லை. நான் எடுத்தால் அவளுடைய மகள்தான் கதைக்கிறாள், அம்மா கோயிலுக்குப் போய்விட்டா என்கிறாள். அத்தானை அக்காவிடம் கொடுத்துவிட்டேன், அந்த நாலு மணித்தியாலத்தை மட்டும் இங்கே என்னோடு வைத்துக்கொண்டேன். அதைக் கொடுக்க மனம் வரவில்லை, வரவும் கூடாது.

அந்த வயல் நான் வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. சிவப்பு நாடாவை எடுக்க எல்லோரும் மறந்துவிட்டோம். ஒரு மோர்ஹுன் வெடி வாங்கிய இடம் இது என்று அது இன்னமும் காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது. பாலை மரத்துக்கு அப்பால் முப்பது அடியில் ஒன்றும் இல்லை. காலையில் வயலடிக்கு வந்ததும் என் கார் தானாகவே மெதுவாகி நிற்கிறது. எந்தப் பக்கத்துக் காற்று என்று பார்க்கிறேன். இந்த நாட்டில் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பதில்லை. நான் நகரும்வரை பொறுத்து நிற்கிறார்கள்.