காலை எட்டு மணி, கதவுக்கு நள்ளிரவு

மின்சாரப் பூட்டு மாட்டப் போகும் இடத்தில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கரண்ட் போனால் கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே கிடக்க வேண்டுமா? இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கிறது. நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நகைக்கடைக்காரர் பூட்டியே கிடக்கட்டும் என்றால் அது நியாயம். தங்கத்துக்கு வெளியே போகவேண்டிய அவசரம் எதுவும் வராது. மனிதர் தங்கும் இடத்துக்கும் அதையே கேட்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிக் கேட்டவர் ஒரு பெண்கள் விடுதியின் முதலாளி. துணிக்கடை, ஆஸ்பத்திரி, கம்பெனி என்று வேலைக்குப் போகிற முப்பது பெண்கள் தங்கியிருந்தார்கள். விரல் வைத்தால் திறக்கும் கதவு. உள்ளே இருப்பவர்கள் அழுத்தித் திறக்க ஒரு பட்டனும் வைத்திருந்தேன். அதைக் கழற்றச் சொன்னார்.

“வெளிய போவதுக்கும் வெரல் வைக்கட்டும்வே. காலைல ஆறுக்கு முன்னயும் ராத்திரி ஒம்பதுக்கு மேலயும் மெஷின் தொறக்கப்பிடாது.”

“கரண்டும் பேட்டரியும் ஒண்ணிச்சுப் போச்சுன்னா எல்லாரும் உள்ள மாட்டிக்கிடுவாவளே?”

“பொம்பளப் பிள்ளைய கெடக்க எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீரா பதில் சொல்லுவீரு?”

படித்து, வேலைக்குப் போய், வீட்டுக்கும் சோறு போடுகிற பெண்கள். அவர்களைப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டால் அடைத்துவைக்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது போலும். நான் பட்டனைக் கழற்றினேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினேன் என்று சொல்வதில் என்ன பெருமை? அவசரத்துக்கான சாவியையும் பின்வாசல் சாவியையும் அவர் பூதப்பாண்டியில் இருக்கும் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு நாள் பேய்க்காற்று அடித்தது. மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்து ஊரே இருட்டில் கிடந்தது. மாற்றுங்கள் என்று நான் மூன்று தடவை தலைபாடாய் அடித்துக்கொண்ட பழைய பேட்டரி முதல் நாளோடு மண்டையைப் போட்டது. மறுநாள் காலையில் வார்டன் போன் செய்தாள். “அண்ணே, கதவு தொறக்கல்ல. எல்லாரும் உள்ள கெடக்காவ. ஓடி வாருங்க.”

புது பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் ஒருத்தி, உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தபடி நின்றாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், ஊர் கடற்கரையிலுள்ள இனயம். கதவின் இடுக்கு வழியாகப் பேசினாள்.

“எனக்க அப்பா கடலுக்குப் போனவரு திரும்பல்ல அண்ணே. வீட்டுல ஆரும் போன் எடுக்கல்ல. நான் போணும்.”

அவளுடைய அப்பா மறுநாள் வேறொரு துறையில் கரையேறிவிட்டார். ‘அப்புறம் என்ன, நல்லபடியாத்தானே முடிஞ்சது’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அன்று காலையில் அது அவளுக்குத் தெரியாது. கடற்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்த அவள் அம்மாவுக்கும் தெரியாது.

வார்டன் அறை கதவுக்கு வெளியே இருந்தது. அங்கே பூட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில் பேட்டரியை மாட்டினேன். மெஷினில் விளக்கு வந்தது. இனயத்துப் பெண் உள்பக்கம் விரல் வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. அனுமதி நேரம் இல்லை என்று எழுத்து வந்தது. திரையைப் பார்த்தேன். பேட்டரி அடியோடு தீர்ந்ததில் கடிகாரமும் பூஜ்ஜியத்துக்குப் போய், பன்னிரண்டு மணி தாண்டி மூன்று நிமிடம் என்று காட்டியது. வெளியே காலை எட்டு மணி, கதவுக்கு நள்ளிரவு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

நேரத்தைத் திருத்த ஒரு ரகசிய எண் வேண்டும். நான் வைத்துக் கொடுத்த எண்ணை முதலாளி மாற்றியிருந்தார். போன் போட்டேன்.

“நம்பரெல்லாம் போன்ல சொல்லப்பிடாது. இங்க ரோட்டுல வெள்ளம் நிக்கி. வடிஞ்ச ஒடனே நானே வாறேன்.”

“ஒரு பிள்ளைக்க அப்பா கடலுல கெடக்காரு அண்ணாச்சி.”

“அதுக்கு? இவ போயி நீந்தி இழுத்துட்டு வரப்போறாளா?”

அந்த வார்த்தைக்கு போனிலேயே நாலு கேட்டிருக்க வேண்டும். நானோ, “கொஞ்சம் மனசு வையுங்க” என்று குழைந்தேன். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை அவர் எடுக்கவே இல்லை. பெரிய இடத்து வாடிக்கை போய்விடுமே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. அதற்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெஷினை விட்டேன். பூட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்களைப் பெட்டியிலிருந்து பிடுங்கி நேராக பேட்டரியில் தொட்டேன். டக். கதவு திறந்தது. ரகசிய எண், விரல், நேரம், முதலாளி, எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“மொதலாளி வய்யப் போறாரு அண்ணே” என்றாள் வார்டன்.

“வையட்டும்” என்றேன்.

மற்றவர்கள் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். இனயத்துப் பெண் பையை எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தாள். என் கையிலிருந்த ஒயர்களைப் பார்த்து நின்றாள்.

“இப்பிடித் தொறக்கலாம்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிட்டுமா இம்புட்டு நேரம் நின்னிய?”

பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினாள்.