பெல் அடிக்காமல் வந்த சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் சைக்கிளில் வருகிறது. தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய சட்டை, முதுகில் தண்ணீர்ப் பை. ஒரகடத்துக் கம்பெனிச் சுவர்களைத் தாண்டி, மிச்சம் இருக்கிற காட்டு ஓரப் பாதையில் ஓட்டிவிட்டு வந்து, டீக்கடையில் நின்று, "என்ன ஒரு அமைதியான ரூட்!" என்று மூச்சு வாங்குகிறார்கள். அந்தப் பாதையில் ஒரு சைக்கிள் அமைதியாக வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கல்லவா தெரியும்.

1991-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் ஒரு கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தண்டை எங்கள் ஊர். வேலைக்குப் போக இரண்டு வழி. பெரிய ரோட்டைச் சுற்றிப் போகலாம். அங்கே லாரித் தொல்லை. எங்கள் பக்கம் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு போலீஸ் வேறு, நிறுத்தி நிறுத்திச் சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து காட்டச் சொல்லும். பஸ்ஸை நம்பினால் ஷிஃப்ட் போய்விடும். இன்னொன்று காட்டுப் பாதை. ஏரிக்கரையில் ஏறி, தைலமரத் தோப்பில் இறங்கி, ஈச்சம்புதருக்கும் களாச்செடிக்கும் நடுவே போகும் மண் பாதை. அதில் சைக்கிள் விட்டால்தான் எனக்கு வேலை. இல்லையென்றால் வீட்டோடு கிடந்து, யார் பெண் கேட்டு வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாதை அழகுதான், பொய் சொல்லமாட்டேன். மழை பெய்த மறுநாள் தைல இலை வாசனை மூக்கில் ஏறும். ஆனால் சின்னப் பாலம் தாண்டியதும் அந்த வாசனையை வேறொரு நாற்றம் அடித்துத் தள்ளிவிடும். எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்கு ஏரியின் உள்பக்கம், வெட்டவெளி, காற்று, பீடி, எந்த நேரமும் போகலாம். பெண்களுக்கு இந்தப் பாதையின் இரண்டு ஓரங்கள். அதுவும் விடியுமுன், இல்லை இருட்டிய பிறகு. புதருக்குள் போனால் முள்ளும் பாம்பும் என்பதால் பாதையை ஒட்டித்தான் உட்கார வேண்டும். பகலெல்லாம் வயிற்றை அடக்கிக்கொண்டு கிடந்தவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். ஆண் ஒருவன் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். பாதியில் இருந்தாலும் எழுந்து, புடவையை இறக்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் போன பிறகு மறுபடி உட்கார வேண்டும். இதற்காகத்தான் ஊரில் ஒரு கட்டுப்பாடு. சைக்கிளில் வருகிற ஆண் சின்னப் பாலத்திலிருந்து, பெண்கள் உட்காரும் இடம் முடிகிற வேப்பமரம் வரை விடாமல் பெல் அடித்துக்கொண்டே வர வேண்டும். இதைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மானம் மரியாதை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆளுக்கொரு குழி வெட்டி நாலு தட்டி கட்ட ஒருவனுக்கும் துப்பில்லை.

நான் சைக்கிளில் வேலைக்குப் போன முதல் நாள், விடியுமுன், நானும் பெல் அடித்தேன். இருட்டில் மளமளவென்று எழுந்து நின்றார்கள். நான் என்று தெரிந்ததும் ஒரே ஏச்சு.

"இன்னாமே நீ! எவனோ வரான்னு எழுந்துகினோம். பாதியில எழுந்துக்கற கஷ்டம் உனக்குத் தெரியாதா?"

இன்னொருத்தி சிரித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னாள். "நீ பெல் அடிக்காத. சத்தம் இல்லாம வந்தா நீதான்னு உக்காந்துகினு இருப்போம்."

பெரிய மனிதர்கள் வந்தால் எழுந்து நிற்பதுதான் உலகத்தில் மரியாதை. எனக்கு அவர்கள் எழுந்திருக்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதைக்கு நான் ரொம்பவே ஆசைப்பட்டேன். கம்பெனிக்குப் போகிற பெண்ணைப் பற்றி ஊர் ஆயிரம் பேசும். அந்தப் பெண்கள் மட்டும் என்னைத் தங்கள் ஆளாக வைத்திருந்தார்கள். பெல்லைத் தொடாமல் நடுவே போவேன். "திரும்பி வரச்சொல்ல ஒரு நூல்கண்டு வாங்கினு வா" என்று உட்கார்ந்தபடியே சொல்வார்கள்.

எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது என் அண்ணன். என்னைவிடச் சிறிதே மூத்தவன், கல்யாணம் ஆகாதவன். செயினுக்கு எண்ணெய் விடுவான், பஞ்சர் ஒட்டுவான், வம்பு பேசினவர்களிடம் எனக்காகச் சண்டைக்குப் போவான். கம்பெனியில் என் தையல் லைனில் இருந்த பெண்களிடமெல்லாம் அண்ணன் புராணம் பாடியிருக்கிறேன். ஆர்டர் அதிகமான மாதங்களில் ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை போடுவார்கள். அப்போது கம்பெனி வேன் வந்து கூட்டிப்போகும். திரும்பும்போது பெரிய ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து என்னைக் கூட்டிவர அண்ணன் என் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவான். வேன் வர வெகுநேரம் இருக்கும்போதே, பொழுது சாயும்போதே கிளம்பிவிடுவான்.

"ஏண்ணா இவ்ளோ சீக்கிரம் வந்து நிக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ தனியா நிக்கக் கூடாதில்ல" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணை நினைத்தால் இப்போது காறித் துப்பலாம் போலிருக்கிறது.

ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய் ஓ.டி. ரத்தாயிற்று. வேன் சீக்கிரமே இறக்கிவிட்டது. அண்ணனுக்குத் தகவல் சொல்ல வழியில்லை; எதிரே வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காட்டுப் பாதையில் நடந்தேன். வேப்பமரத்துக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒதுங்க வேண்டியிருந்தது. யாரிடமும் பேசாமல் கடைசியில் போய் உட்கார்ந்தேன்.

தூரத்தில் மண்ணில் சைக்கிள் சக்கரம் நறநறக்கும் சத்தம் கேட்டது. பெல் இல்லை, டைனமோ வெளிச்சம் இல்லை. ஒருத்தி எழுந்திருக்கப் போனாள்.

"உக்காருமே, பெல் சத்தம் இல்ல பாரு. நம்ம ஷூ கம்பெனி பொண்ணுதான்" என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

ஷூ கம்பெனிப் பெண் இங்கே உட்கார்ந்திருந்தேன். கத்த வாயெடுத்தேன், அதற்குள் சைக்கிள் நின்றது. டார்ச் ஒன்று எரிந்தது. அந்த வெளிச்சம் பதறவில்லை, அவசரப்படவில்லை. சந்தையில் காய் பொறுக்குகிறவன்போல ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தது. பெண்கள் அலறி எழுந்து புடவையைப் பிடித்தார்கள். வெளிச்சம் கடைசிக்கு வந்து என் மேல் விழுந்தது. கீழிருந்து மேலே வந்து என் முகத்தில் நின்றது.

"ஐயோ" என்றான். அண்ணன் குரல்.

டார்ச் அணைந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான். பெண்கள் கல்லை விட்டெறிந்தார்கள். யாரோ ஒருத்தி தீக்குச்சி கிழித்துச் சைக்கிளைப் பார்த்தாள்.

"அவ வண்டிதான்! வண்டியக் குடுத்து எவனையோ அனுப்பிகீறாளா?"

"நான் இங்கதான் கீறேன்" என்று எழுந்து வந்தேன். "வந்தது எங்க அண்ணன்."

வீட்டுக்குப் போனபோது அவன் சோறு தின்றுகொண்டிருந்தான். தட்டில் கருவாட்டுக் குழம்பு. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நீ அங்க இருப்பேன்னு தெரியாது" என்றான். அவன் கேட்ட மன்னிப்பு அதுதான்.

அம்மா என்னைத்தான் அதட்டினாள். "ஆம்பளப் புள்ள, ஏதோ புத்தி கெட்டுப்பூட்டான். நீ எதுக்கு நம்ம வூட்டு மானத்த அவளுங்ககிட்ட அவுத்துப் போட்ட?" சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் ஆண்கள் பால் சொசைட்டி வாசலில் கூடினார்கள்; பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றோம். அண்ணன் எல்லோர் காலிலும் விழுந்தான். பாதிக்கப்பட்ட பெண்கள் காலில் இல்லை, ஆண்கள் காலில். அதோடு அவன் விவகாரம் முடிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

"பொட்டச்சிக்கு எதுக்கு சைக்கிளு? அதாலதான் இந்த வெனை" என்றார் ஒருவர். அவர் பெல் அடிக்க ஆரம்பிப்பதே வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். சைக்கிளை விடமாட்டேன், வேலையையும் விடமாட்டேன் என்று கத்தினேன். கடைசியில், ஆணோ பெண்ணோ யார் வந்தாலும் பெல் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்து கலைந்து போனார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடியுமுன் சின்னப் பாலத்திலிருந்து பெல் அடித்தேன். இருட்டில் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

"நான்தான் யக்கா, உக்காருங்க" என்றேன்.

யாரும் உட்காரவில்லை. பெல்லை நிறுத்தினேன், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், மறுபடியும் சொன்னேன். என்னை நூல்கண்டு வாங்கிவரச் சொன்னவளும் நின்றிருந்தாள். நான் வேப்பமரத்தைத் தாண்டும்வரை, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் எனக்கு முதுகைத் திருப்பியே நின்றார்கள்.