தேதி சொல்லாத குற்றம்

கோட்டையூர்ப் பக்கம் யார் வீடு மாறினாலும் காளிராஜின் குட்டியானை வண்டிதான் வாசலில் வந்து நிற்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது கழித்துப் போடும் மரங்களையும் அவன்தான் ஏற்றுவான். அதுவே வினையாகிப் போனது. ஒருநாள் காலையில் போலீஸ் வந்து அவனை வண்டியோடு கூட்டிக்கொண்டு போனது. தேக்குத் தூண்களைத் திருடிக் கடத்தினானாம்.

"எந்த வீட்டுத் தூணு சார்? என்னைக்கு?"

"ஏத்துனவன் நீ. எங்களைக் கேக்குறியா?" என்றார் ஏட்டு.

ஜாமீனில் அவன் வந்தான், வண்டி வரவில்லை. குற்றப்பத்திரிகையைப் படித்த வக்கீல் நாகநாதன் உதட்டைப் பிதுக்கினார். கடந்த ஆண்டில் ஒரு நாள், கோட்டையூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு பழைய வீட்டில் என்றுதான் இருந்தது.

"வருசம் பூரா லோடு அடிச்சிருக்கேன். இதுல எதைன்னு இல்லைங்கிறது?"

"தேதி, இடம் கேக்குறது நம்ம உரிமை காளி. மனுப் போடுவோம்."

போட்டார். விசாரணையில் தெரியவரும் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டபோது, "எதைன்னே தெரியலையேய்யா" என்றான். மறுத்ததாக எழுதிக்கொண்டார்கள்.

வாய்தா மேல் வாய்தா. மூன்றாம் வருடம் கூண்டேறிய இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் தேதியைச் சொன்னார். ஆவணி மாதத்து முதல் ஞாயிறு. காளிராஜுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. மகள் தேவிகாவுக்குக் காளையார்கோவிலில் காது குத்திய நாள் அது. முந்தின நாளே கியர்பாக்ஸ் உடைந்து, அமராவதிபுதூரில் மெக்கானிக் சுந்தரத்தின் பட்டறையில் கிடந்தது வண்டி. குடும்பமே பஸ்ஸில்தான் போனது.

"அன்னைக்கு வண்டி ஓடவே இல்லய்யா, சுந்தரம் பட்டறையில கெடந்துச்சு!" என்றான் வக்கீலிடம்.

"சுந்தரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவமா?"

"அவரு போன தையில தவறிட்டாரே. மொதல்லயே தேதியைச் சொல்லியிருந்தா அவரே வந்து நின்னுருப்பாரு."

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

வெளிநாட்டில் இருந்த, தூண் களவுபோன வீட்டுக்காரர் கடைசிவரை சாட்சிக்கு வரவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தார்கள். நாகநாதன் கை கொடுக்க வந்தார். இவன் கையை நீட்டவில்லை.

"நான் திருடலைன்னு எழுதலையாய்யா?"

"நிரூபிக்கலைன்னு எழுதியிருக்காக. அம்புட்டுத்தான்."

வண்டி கைக்குத் திரும்பி வந்தும் ஒருத்தரும் அவனை நம்பி லோடு கொடுக்கவில்லை. சூளையில் சேர்ந்து அடுத்தவர் லாரிக்குச் செங்கல் சுமக்கிறான். போன மாதம் ஒரு வீட்டில் கல் இறக்கும்போது, அந்த வீட்டு ஆச்சி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தூண் கேசுல மாட்டுனது நீதானே?"

"விட்டுட்டாக ஆச்சி."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.