வாழைக்குப் பதிலாக ஒருத்தி

எங்கள் பாட்டுக்காரர் செத்து ஒன்றரை மாதம் கழித்து, அவருடைய கடைசிப் பாட்டின் வீடியோவைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் போட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. தொட்டில் சேலைகளை அவிழ்த்து மூலையில் போட்டுவிட்டு, தோட்டத் தலைவர் வீட்டு டிவியைக் கொண்டுவந்து மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல். மூன்று லயத்து வரிசை வீடுகளின் சனமும் உள்ளே அடைந்துகொண்டிருந்தது. நான் கதவோரமாகவே நின்றேன். இவ்வளவு பேர் பாரத்துக்குப் பலகைத் தரை தாங்காது என்று ஒரு நினைப்பு. தரை தாங்கியது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாவுக்கு நெஞ்சுச் சளி முற்றியதால் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பாட்டுக்காரரைப் பற்றிப் பேப்பரில் வந்த நாலு வரியை வெட்டித் தகரப்பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

அவர் எங்கள் கீழ்ப்பிரிவு லயத்தில் பிறந்தவர். தேர்த்திருவிழா மேடைகளில் அடுத்தவர் பாட்டைப் பாடிப் பழகி, பிறகு சொந்தமாகப் பாட்டுக் கட்டி இரண்டு கேசட் போட்டார். அதில் ஒன்று முதன்முதலாக ரேடியோவில் வந்த அன்று மலையில் யாரும் கொழுந்து எடுக்கவில்லை. வேலை வாங்குகிற கண்டாக்கையாவே ரேடியோவைத் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் எங்களுக்கெல்லாம் 'அண்ணன்'. கேசட் அட்டையில் இருந்த படத்துக்கு விளக்கு வைத்த வீடுகள் அவர் உயிரோடிருக்கும்போதே உண்டு.

இருபத்தேழு வயதில், வட்டவளைப் பக்கம் மழையில் அவர் வந்த வேன் உருண்டது. எட்டு நாள் நாங்கள் யாரும் தலையில் பூ வைக்கவில்லை. ஆம்பளைகள் சிலர் மொட்டை அடித்தார்கள். ஒருத்தன் அண்ணன் பேரை நெஞ்சில் பச்சை குத்தி, அது சீழ் வைத்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான். பார்க்கப் போனவர்கள் அவனுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பேரில் எந்த எழுத்து அழுகிப்போனது என்று சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

அவர் கல்யாணம் ஆகாதவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத ஆம்பளை செத்தால் அப்படியே தூக்கமாட்டார்கள். ஒரு வாழைக்கன்றை வெட்டிவந்து பக்கத்தில் நிறுத்தி, மஞ்சள் கயிறு கட்டி, அவனுக்குப் பெண்டாட்டி ஆக்கி, உடனேயே அந்தக் கயிற்றை அறுத்துக் கன்றையும் வெட்டிச் சாய்ப்பார்கள். ஆசையோடு போனவன் திரும்பி வந்து ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று அப்படிச் செய்வது. அண்ணனுக்கு அதைச் செய்யவில்லை. பெட்டி வந்து சேர்ந்தபோது பொழுது சாயப்போகிற நேரம். மழை விடவில்லை, வெட்டிய குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாழைக்குப் போன ஆள் வருவதற்குள் மண் தள்ளிவிட்டார்கள். அந்தக் குறையை ஒன்றரை மாதமும் சனம் வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள் அவள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், வாய்த்துடுக்கு. டயகமவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவருக்கு அவளைப் பேசி வெற்றிலை மாற்றியிருந்தார்கள். தை பிறந்தால் கல்யாணம். அண்ணன் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, அட்டனில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரர் அவருடைய புதுப் பாட்டுக்குப் படம் பிடிக்க எங்கள் மலைக்கு வந்தார். பாட்டில் வரவேண்டிய பெண்ணை டவுனிலிருந்து கூட்டிவந்திருந்தார். அந்தப் பெண் தேயிலைக்குள் கால் வைத்து ஐந்து நிமிசத்தில் கணுக்காலில் மூன்று அட்டைகளைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே வேனில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டாள்.

ஸ்டூடியோக்காரர் எங்கள் கும்பலைப் பார்த்தார். முதலில் என்னைத்தான் காட்டினார். அந்தப் பாட்டில் நிற்க என் உயிரையே கொடுத்திருப்பேன். ஆனால் வீட்டில் என்ன சொல்வார்கள், பல் எப்படித் தெரியும் என்று நினைத்து முடிப்பதற்குள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். டவுன் பெண்ணின் சேலையைக் கட்டி, பூ வைத்து, ஒரு காலை முழுக்க யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் வரும் பகுதியை அடுத்த மாதம் எடுப்பதாக இருந்தது. அவரை அவள் மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததுதான், கிட்டத்தில் கண்டதே இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் போன பிறகு, கையிலிருந்த மேடைப் படங்களையும் அவள் சிரித்ததையும் சேர்த்து ஸ்டூடியோக்காரர் வீடியோவை முடித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தொழில் கல்யாண வீடியோ. அதில் செய்கிற வேலையெல்லாம் இதிலும் செய்திருந்தார்.

பிள்ளைக் காம்பராவில் அண்ணன் முகம் வந்ததும் பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவருடைய அம்மா எழுந்து போய் டிவிக் கண்ணாடியைத் தடவினாள். விலகச் சொல்ல யாருக்கும் மனசு வராததால் முதல் சரணத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. அவளை உட்காரவைத்த பிறகு திரையில் பூ கொட்டியது. இரண்டு சிவப்பு இதயங்கள் சுழன்று வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றுக்குள் அண்ணன், இன்னொன்றுக்குள் அவள். மேலே மாவிலைத் தோரணம், கீழே இரண்டு குத்துவிளக்கு. அதோடு பாட்டு முடிந்து, மாலை போட்ட அண்ணன் படமும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் வந்தன.

அழுகை நின்றுவிட்டது. அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தன் முகத்தை டிவியில் பார்த்த வெட்கம் இன்னும் போகாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்போது மேல் லயத்துக்காரி ஒருத்தி, சத்தம் போடாமல்தான் சொன்னாள்:

"வாழைக்குச் செய்யாம வுட்டத இவளுக்குச் செஞ்சு முடிச்சிட்டாங்கடி."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசையிலிருந்து கதவு வரைக்கும் வந்தது. நானும் சிரித்தேன். பாட்டுக்காரரின் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, மருமகளே என்று கூப்பிட்டு அழுதாள். அதைப் பார்த்ததும் சிரித்தவர்களும் அழ ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது, கங்காணி அவள் பேரைக் கூப்பிடவில்லை.

"அண்ணி வந்தாச்சாங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பேர். கொழுந்து லாரியில் போகிறவர்கள் அண்ணி என்று கத்திக் கும்பிடு போட்டார்கள். அதைக் கேலி என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அவர்களில் பாதிப்பேர் உண்மையாகவே கும்பிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலைந்து பேர் வந்து, அவள் கையால் அண்ணன் படத்துக்கு விளக்கேற்றித் தரச் சொல்லி வாசலில் நின்றார்கள். அவள் விரட்டிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தபோது, அண்ணன் செத்து மூணு மாசம் ஆகல, இவளுக்குப் பூ கேக்குது என்று அவளுக்குக் கேட்கும்படி பேசினார்கள். ஒரு வீட்டில் பெண் சமைந்து சடங்கு வைத்தபோது, அவள் கொண்டுபோன தட்டை வாங்கி வெளியிலேயே வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் சாப்பிடவில்லை.

சிடி அட்டன் கடைகளுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில்கூட அந்தப் பாட்டுத்தான். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் போனபோது சிங்களக் கொண்டக்டர் அவளை உற்றுப் பார்த்து, "சிந்துவே இன்ன நங்கி நேத?" என்றான். பாட்டில் இருக்கிற தங்கச்சிதானே என்கிறான். நல்லா இருந்தது என்றும் சொன்னான். அவள் டவுன் வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். அந்த வீடியோவுக்காக அவளிடம் நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அவளுடைய அம்மா ஸ்டூடியோவுக்குப் போய், அந்த இதயம் வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். சனத்துக்குப் பிடித்ததே அந்த இடம்தான் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்கழி முடிகிற நேரம் டயகமவிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை வந்தார். பெண் வீட்டுக்குப் போகாமல் நேரே நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வந்தார். நான் தனியாக இருந்தேன். குடம் நிறையும் வரைக்கும் ஊர், மழை என்று பேசிவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்:

"நீ அவகூட வேல செய்ற புள்ளதானே. செத்துப்போன பாட்டுக்காரனுக்கும் அவளுக்கும் நெசமாவே ஏதும் இருந்துச்சாம்மா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் எனக்கு என்னென்னவோ ஓடியது. நான் இல்லை என்று சொன்னது லயத்துக்குத் தெரிந்தால் அண்ணனுக்கு எதிராகப் பேசினேன் என்று என்மேல் பாய்வார்கள். ஸ்டூடியோக்காரர் முதலில் காட்டியது என்னைத்தான் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். எனக்கும் அப்போது ஒரு இடத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த இதயத்துக்குள் அவள் முகம் இருந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. ஊர்ல பேசுறது உங்களுக்கும் கேட்டிருக்கும்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். தையில் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த நிச்சயச் சேலையை ஆள் விட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பீலியில் நடந்தது அவளுக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்து நிரையில் அவள் பேசாமல் கொழுந்து எடுத்துக்கொண்டு போனால், தெரிந்துதான் பேசாமல் போகிறாள் என்று நான் பின்தங்கிவிடுவேன். பேசினால், தெரிந்தும் பேசுகிறாளே என்று இன்னும் பின்தங்குவேன்.

அண்ணனுக்கு வருசம் வந்தது. அவர் பேரில் ரசிகர் சங்கம் வைத்திருந்தவர்கள் கோயில் திடலில் பெரிதாகச் செய்ய முடிவெடுத்தார்கள். தோட்டத் தலைவர் அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவோடு வெகுநேரம் பேசினார். அவர் சொன்னதை அவளே மலையில் வைத்து எனக்குச் சொன்னாள். வாழைக்குக் கயிறு கட்டியதும் அறுத்து வெட்டிவிடுகிறோமே, அதனால்தான் செத்தவன் திரும்பி வருவதில்லை. இந்தப் பிள்ளைக்குக் கட்டியது கட்டியபடி நிற்கிறது. ஊர் கூடியிருக்கும்போது முறைப்படி அறுத்துவிட்டால் பிள்ளை விடுபட்டுப் போகும், அடுத்த மாதமே மாப்பிள்ளை வரும், நானே பார்த்துத் தருகிறேன். அவளுடைய அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடிப்பது.

"கட்டவே இல்லாதத எப்புடி அறுக்கிறதுன்னு கேட்டேன். அம்மா எங் கால்ல விழுந்துருச்சு புள்ள" என்றாள்.

பகல் பதினொரு மணிக்கு, திடலில், அண்ணன் படத்துக்கு முன்னால் பாய் விரித்து அவளை உட்காரவைத்தார்கள். ஐந்தாறு தோட்டத்துச் சனம். முதலில் மஞ்சள் கயிற்றைப் பாட்டுக்காரரின் அம்மா அவள் கழுத்தில் போட்டாள், கட்டினால்தானே அறுக்க முடியும். கொஞ்ச நேரம் கழித்து அறுத்தாள். வளையலை உடைத்தார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, ஏதோ தடுப்பூசிக்கு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். பொட்டை எடுக்கத் தாலியறுத்தவள் ஒருத்தி வரவேண்டும், ஆனால் அவள் கூட்டாளி எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். அவர் கேமராவோடு நின்றார். எல்லோரும் என்னைத் தள்ளினார்கள்.

நான் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தேன். போகவில்லை.

"ஒட்டுப் பொட்டு புள்ள. தொடைக்காத, பிச்சு எடு" என்றாள்.

பிய்த்தேன். கூட்டம் ஓவென்று அழுதது. மார்பில் பச்சை குத்தியவன் அவள் காலில் விழுந்தான். ஸ்டூடியோக்காரர் கையை உயர்த்தி, முந்தானை மறைத்துவிட்டது, திரும்ப ஒட்டி எடுங்கள் என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் நெற்றியை நீட்டினாள். பொட்டில் பசை போய்விட்டது. எச்சில் தொட்டு ஒட்டிப் பிடித்து, அழுகை மறுபடி ஆரம்பிக்கும் வரைக்கும் காத்திருந்து எடுத்தேன். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.

அந்த சிடி முதல் சிடியைவிட அதிகம் போனது. அடுத்த மாதம் மாப்பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. தலைவருக்கே கல்யாணம் ஆகாத மகன் ஒருத்தன் இருந்தான். அவளுடைய அம்மா வெற்றிலை வாங்கிக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று கேட்டாள். தலைவர் கோபப்படவில்லை. எங்களை உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

"ஊரே பாக்க தாலியறுத்த புள்ளய, நாங்க எப்புடிம்மா எடுக்கிறது?" என்றார்.